தோரின் தாடியும் தெய்வங்களின் சாவும்

தோருக்குத் தாடி உண்டா, இல்லையா? சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வாசகர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழக்கை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து பக்கத்து மக்கள் கிறிஸ்தவத்துக்கு மாறுவதற்கு முன்பு கும்பிட்ட இடிக்கடவுள் தோர். நார்ஸ் புராணம் என்று நாம் சொல்லும் அந்தப் பழங்கதைகளில் அவன் செந்தாடிக்காரன், பெருந்தீனிக்காரன், முன்கோபி. இரண்டு வெள்ளாடுகள் இழுக்கும் தேரில் வருவான். பசித்தால் அந்த ஆடுகளையே அடித்துச் சமைத்துத் தின்றுவிட்டு, மறுநாள் காலையில் சுத்தியலை உயர்த்தி அவற்றை உயிரோடு எழுப்பிக்கொள்வான். மார்வெல் நிறுவனம் 1962 ஆகஸ்டு மாதத்து ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 83ஆம் இதழில் அறிமுகப்படுத்திய தோர் வேறு ஆள். மழுமழுவென்று சவரம் செய்த முகம், தோளில் புரளும் பொன்னிற முடி, சிவப்பு மேலங்கி. ஸ்டான் லீ கதை யோசிக்க, அவருடைய தம்பி லாரி லீபர் வசனம் எழுத, ஜாக் கிர்பி வரைந்தார். டொனால்டு பிளேக் என்ற கால் ஊனமுற்ற டாக்டர், நார்வேயில் ஒரு குகையில் கிடைத்த கைத்தடியைப் பாறையில் தட்டியதும் தோராக மாறி, சனிக் கிரகத்திலிருந்து வந்த கல் மனிதர்களை விரட்டி அடிக்கிறார். ஆடு இல்லை, தேர் இல்லை, தாடியும் இல்லை.

குற்றப்பத்திரிகை இதோடு முடியவில்லை. பழங்கதையில் லோக்கி, தெய்வங்களின் தலைவன் ஒடினோடு இரத்தம் கலந்து உடன்பிறப்பானவன். காமிக்ஸில் அவன் ஒடினின் வளர்ப்பு மகன், தோருக்குத் தம்பி. லோக்கியைப் பெற்ற தாயின் பெயர் லாஃபே. காமிக்ஸ் அந்தப் பெயரை எடுத்து ஓர் அரக்க ராஜாவுக்குச் சூட்டி, அவனை லோக்கியின் தகப்பனாக்கிவிட்டது. தோரின் மனைவி சிஃப் பொற்கூந்தல்காரி. காமிக்ஸ் அவளுக்குக் கருங்கூந்தல் கொடுத்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் சுத்தியலில் நடந்தது. தகுதியுள்ளவன் மட்டுமே தூக்க முடியும் என்ற விதி மார்வெல் எழுதியது. மூலக் கதையில் திரிம் என்ற அரக்கன் அந்தச் சுத்தியலைத் திருடி மண்ணுக்கடியில் புதைத்துவிட்டு, ஃபிரேயா தேவியைக் கட்டிக்கொடுத்தால்தான் தருவேன் என்கிறான். தோர் மணப்பெண் வேடத்தில் முக்காடு போட்டுப் போய், கல்யாண விருந்தில் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் காலி செய்து, மூன்று பீப்பாய் தேன்மதுவைக் குடித்து மாப்பிள்ளையை மிரள வைத்து, சுத்தியல் கைக்கு வந்ததும் கல்யாண வீட்டாரை அடித்து நொறுக்குகிறான். திருடன் தூக்கிக்கொண்டு ஓடும் சுத்தியலில் தகுதித் தேர்வு எப்படி இருக்கும்? மூலத்தை அறிந்த ரசிகர் இங்கே கோபப்படுவார். இது வேறு கதை, வேறு கடவுள், ரசிக்கத் தெரிந்தால் ரசியுங்கள் என்பார் காமிக்ஸ் பக்கம் நிற்கும் ரசிகர். இரு தரப்புமே தவறான அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் ‘மூலம்’ என்பதைப் பார்ப்போம். இந்தக் கதைகளில் பெரும்பாலானவை நமக்குக் கிடைத்தது ஸ்நோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்துக்காரரால். அரசியல்வாதியும் கவிஞருமான அவர் 1220 வாக்கில் எழுதிய நூலை உரைநடை எட்டா என்பார்கள். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்றது 1000ஆம் ஆண்டையொட்டி. ஆக, ஸ்நோரி எழுதியபோது இந்தத் தெய்வங்களைக் கும்பிட்டவர்கள் மறைந்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவரே கிறிஸ்தவர். நூலின் முன்னுரையில் ஒடினையும் தோரையும் கடவுள்களாகவே அவர் ஏற்கவில்லை. டிராய் நகரத்து அரச பரம்பரையில் வந்து, வடக்கே குடியேறி, பிறகு மக்களால் தெய்வமாக்கப்பட்ட மனிதர்கள் என்று விளக்கம் கொடுக்கிறார். அவருக்கு முந்திய பாடல்களின் தொகுப்பு என்று நாம் மதிக்கும் கவிதை எட்டாவும் 1270களில் தோலில் எழுதிய ஒரே ஒரு சிறிய கையெழுத்துப் பிரதியைத்தான் பெரும்பாலும் நம்பி நிற்கிறது. அதில் இன்று இருப்பவை 45 ஏடுகள். நடுவில் எட்டு ஏடுகள் காணாமல் போய்விட்டன. 1662இல் டென்மார்க் அரசருக்குப் பரிசாகப் போன அந்தப் பிரதி, 1971இல் டென்மார்க் கடற்படைக் கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தபோது ரெய்க்யவிக் துறைமுகத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு வரவேற்றார்கள். இவ்வளவு மதிப்பும் அதற்குத் தகும். ஆனால், பழைய நம்பிக்கையிலிருந்து இரண்டு நூற்றாண்டு தள்ளி நின்று, வேறு மதத்தவர் எழுதிவைத்ததை மாசு படாத மூலம் என்று வைத்துக்கொண்டு, ஒரு நியூயார்க் ஓவியர் முடிக்குத் தப்பான வண்ணம் கொடுத்தார் என்று தீர்ப்பு எழுத முடியாது. ஸ்நோரியும் மறுபடி சொன்னவர்தான்.

அப்படியென்றால் யார் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமா? இல்லை. நார்ஸ் புராணத்தை மற்றப் புராணங்களிலிருந்து பிரித்துக் காட்டும் ஒன்று இருக்கிறது: அதன் தெய்வங்கள் செத்துப்போவார்கள், அது அவர்களுக்கே தெரியும். இடுன் தேவியின் ஆப்பிள்களைத் தின்னாவிட்டால் அவர்களுக்கு நரை விழும். ரக்னராக் என்ற இறுதிப் போரில் ஃபென்ரிர் என்ற ஓநாய் ஒடினை விழுங்கும். தோர் உலகைச் சுற்றிக் கிடக்கும் மாபாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து, அதன் விஷத்தால் சாய்வான். இதையெல்லாம் ஒரு குறிசொல்லி ஒடினுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். தெரிந்த பிறகும் ஒடின் வீரர்களைத் திரட்டுகிறான். தோர் அரக்கர்களை எல்லையில் தடுத்துக்கொண்டே இருக்கிறான். வெற்றி கிடைக்காது என்று தெரிந்த போருக்கு ஒவ்வொரு நாளும் தயாராகும் கடவுள்கள் இவர்கள். மணப்பெண் வேடக் கதை வெறும் சிரிப்புக் கதைதானே, அதில் சாவு எங்கே என்று கேட்கலாம். தோர் வேடம் போட மறுக்கும்போது லோக்கி சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: சுத்தியல் திரும்பி வராவிட்டால் அரக்கர்கள் தெய்வங்களின் இருப்பிடமான அஸ்கார்டுக்கே குடிவந்துவிடுவார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியிலும் அழிவுதான் காத்திருக்கிறது. ஆகவே இந்தப் புராணத்தைத் தொடும் எந்தக் காமிக்ஸிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: உன் கடவுளுக்குச் சாவு உண்டா? அந்தச் சாவு அவன் செய்யும் காரியத்துக்கு எடை கூட்டுகிறதா?

இந்த அளவுகோலை வைத்தால் மார்வெலின் முதல் ஆண்டுகள் தேறுவதில்லை. அந்த இதழ்களில் தோர் ஊர்க்காவல் செய்யும் பறக்கும் போலீஸ்காரன். விண்வெளி அசுரர்களை அடிப்பான், கம்யூனிஸ்டுகளை அடிப்பான், லோக்கியின் குறும்புகளை முறியடிப்பான். எதற்கும் விலை கிடையாது. மாற்றம் வந்தது 1963இல் 97ஆம் இதழிலிருந்து பின்பக்கத்தில் ஐந்தைந்து பக்கமாக வெளிவந்த ‘டேல்ஸ் ஆஃப் அஸ்கார்டு’ தொடரில். பூமியையும் டாக்டர் பிளேக்கையும் ஓரங்கட்டிவிட்டு, கிர்பி நேராகப் பழங்கதை உலகத்துக்குள் இறங்கினார். 1966இல், பத்திரிகையின் பெயரே ‘தோர்’ என்று மாறிய சில வாரங்களில், அதே பின்பக்கங்களில் ரக்னராக்கை வரைந்தார். குறிசொல்லும் பெண் ஒருத்தி ஒடினின் சபையில் நின்று வரப்போகும் அழிவைச் சொல்கிறாள். அஸ்கார்டு தீப்பிடித்துச் சரிகிறது. எல்லாம் முடிந்த பின் வேறு ஒரு தலைமுறை தெய்வங்கள் முளைக்கிறார்கள். கிர்பி சாமானியரல்ல. நியூயார்க்கின் கிழக்குப் பகுதிச் சந்துகளில் ஏழை யூதக் குடும்பத்தில் 1917இல் பிறந்தவர். 1944இல் பிரான்சில் காலாட்படைச் சிப்பாயாகப் போரிட்டவர். நாஜிகள் தங்களுக்கென்று எடுத்துக் கறைப்படுத்திய அதே வடநாட்டுத் தெய்வங்களை, அவர்களை எதிர்த்துச் சண்டையிட்ட ஒரு யூதர் எடுத்து அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வரைந்து கொடுத்தார். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

யார் படைத்தது, லீயா கிர்பியா என்ற சண்டையும் ரசிகர்களிடையே ஓயாதது. 1957இலேயே டிசி நிறுவனத்துக்காக வரைந்த ஒரு சிறுகதையில் கிர்பி தோரையும், பிற்காலத்து மார்வெல் சுத்தியலை அச்சாக ஒத்த ஒரு சுத்தியலையும் வரைந்திருக்கிறார் என்பது அவர் பக்கத்துச் சாட்சி. எனக்கு அதைவிடக் கனமாகத் தெரிவது 1971இல் நடந்தது. மார்வெலை விட்டு விலகி டிசிக்குப் போன கிர்பி ‘நியூ காட்ஸ்’ என்ற புதிய தொடரை ஆரம்பித்தார். அதன் முதல் பக்கங்களே பழைய தெய்வங்கள் ஒரு பெரும்போரில் செத்து ஒழிந்த காட்சிதான். பெயர் சொல்லவில்லை, ஆனால் அஸ்கார்டின் அழிவு என்றே வாசகர்கள் படித்தார்கள். மாதாமாதம் தோர் உயிரோடு திரும்பியாக வேண்டிய இடத்தில் எழுத முடியாத முடிவை, வேறு கம்பெனியின் தாளில் கிர்பி எழுதி முடித்தார் என்று நானும் படிக்கிறேன்.

1983 நவம்பர் தேதியிட்ட 337ஆம் இதழில் வால்டர் சைமன்சன் கதை, ஓவியம் இரண்டையும் ஏற்றபோது இந்தப் புராணத்தின் உயிர் காமிக்ஸுக்குள் முழுதாக வந்து சேர்ந்தது. இருட்டில் யாரோ ஒரு பெரும் உருவம் வாள் ஒன்றை அடித்துக்கொண்டிருப்பதை அவர் இதழுக்கு ஓரிரு பக்கம் மட்டும் காட்டிக்கொண்டே போனார். வாசகனுக்கு முடிவு நெருங்குவது தெரியும், அஸ்கார்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் தொட்ட உச்சம் 1985 டிசம்பர் தேதியிட்ட 362ஆம் இதழ். பூமியிலிருந்து கடத்தப்பட்ட மனித உயிர்களை மீட்கத் தோர், அஸ்கார்டுத் தெய்வம் பால்டர், ஸ்கர்ஜ் மூவரும் வீரர்களோடு ஹெல் என்ற இறந்தோர் உலகத்துக்குப் போகிறார்கள். ஸ்கர்ஜ் புராணத்தில் இல்லாதவன். 1964இல் வில்லனாக அறிமுகமாகி, அமோரா என்ற மாயக்காரியின் எடுபிடியாக இருபது ஆண்டுகள் அவமானப்பட்டு, கடைசியில் அவளாலும் கைவிடப்பட்டவன். மீட்ட உயிர்களோடு கியாலர்ப்ரூ பாலத்தைத் தாண்ட வேண்டும். பின்னால் ஹெல்லின் அரசி ஹெலாவின் படை துரத்துகிறது. யாராவது ஒருவர் நின்று தடுத்தால்தான் மற்றவர்கள் தப்ப முடியும். நான் நிற்கிறேன் என்கிறான் தோர். ஸ்கர்ஜ் அவனைப் பின்னாலிருந்து அடித்து மயக்கி, பால்டரிடம் தூக்கிப்போகச் சொல்லிவிட்டு, இரண்டு எம்-16 துப்பாக்கிகளோடு பாலத்தில் தனியாக நிற்கிறான். அவன் திரும்பி வரவில்லை.

துப்பாக்கியா? எட்டாவில் எம்-16 எங்கே இருக்கிறது? மூலப்பற்றுள்ள ரசிகர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைக்கலாம். அவரிடம் நான் பொறுமையாகச் சொல்லிப் பார்ப்பேன். அந்தப் பாலம் ஸ்நோரியில் இருக்கிறது: பொன்வேய்ந்த பாலம், ஹெல்லுக்குப் போகும் வழி. புராணத்தில் செத்துப்போன பால்டரை மீட்க ஹெர்மோட் என்பவன் அதில்தான் குதிரையில் போகிறான், பால்டர் இல்லாமலே திரும்புகிறான். தனி ஒருவன் பாலத்தில் நின்று படையைத் தடுப்பதும் வடநாட்டவரின் நினைவில் உள்ளதே. 1066இல் இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்டு பாலத்துப் போரில் பெயர் தெரியாத ஒரு நார்வே வீரன் ஆங்கிலேயப் படையை அப்படித் தடுத்து நின்று, பாலத்துக்கு அடியிலிருந்து குத்திய ஈட்டியால் செத்தான் என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டில் பிற்காலத்தில் சேர்த்த ஒரு பகுதி சொல்கிறது. தோற்பது உறுதி, நிற்பது என் விருப்பம் என்ற அந்த மனசுதான் நார்ஸ் கதைகளின் நடுநரம்பு. புராணத்தில் பெயரே இல்லாத ஒருவன், புராணத்தில் இருக்க முடியாத ஆயுதத்தோடு, புராணத்துக்கு மிக நெருக்கமாக நிற்கிறான். ஆடும் தேரும் செந்தாடியும் சரியாக வரைந்த எத்தனையோ பக்கங்களுக்கு இந்த நெருக்கம் வாய்க்கவில்லை. தாடி வழக்கும் இங்கேயே தீர்ந்தது: அதே ஹெல் பயணத்தில் ஹெலாவின் கை பட்டுத் தோரின் முகம் கிழிகிறது, அந்தத் தழும்பை மறைக்க 1986இல் அவன் தாடி வளர்க்கிறான். ரசிகர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்ட தாடி, சாவு தொட்ட அடையாளமாக அவன் முகத்துக்கு வந்தது.

சைமன்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். ஹெலா தோருக்குச் சாபம் கொடுக்கிறாள்: உன் எலும்புகள் சட்டிபோல உடையும், ஆறாது, ஆனால் உனக்குச் சாவும் வராது. அந்த உடம்போடு, கவசம் பூட்டிக்கொண்டு, 1987 ஜூன் மாதத்து 380ஆம் இதழில் அவன் உலகப் பாம்போடு மோதுகிறான். சைமன்சனும் சால் பஸ்செமாவும் சேர்ந்து வரைந்த அந்த இதழில் பக்கத்துக்கு ஒரே ஒரு படம். வழக்கமாக ஒரு பக்கத்தில் ஐந்தாறு கட்டங்கள் ஓடும் பத்திரிகையில், ஒவ்வொரு அடிக்கும் ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். பாம்பு சாகிறது. தோரின் எலும்புகள் கவசத்துக்குள் பொடியாகின்றன, ஆனால் உயிர் போகவில்லை. எட்டாவின் தோருக்கு ஒன்பது அடி நடந்து சாய்ந்து விழும் நிம்மதியாவது கிடைத்தது. இவனுக்கு அதுவும் மறுக்கப்படுகிறது. சாவில்லாமை வரமல்ல, தண்டனை என்று ஒரு சூப்பர் ஹீரோ பத்திரிகை சொன்னதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு, காமிக்ஸ் ஒரு வியாபாரம் என்பது. அடுத்த மாத இதழ் விற்றாக வேண்டும். அதனால் தோர் சாக மாட்டான், செத்தாலும் எழுந்துவிடுவான். சாபமும் தீர்ந்துவிடும். மார்வெல் அஸ்கார்டை அழிப்பதும் கட்டுவதும் ஒரு தடவை நடந்ததல்ல. இந்த மறுப்பில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். எட்டாவிலும் அழிவுக்குப் பிறகு உலகம் பச்சையாக எழுகிறதே, பால்டர் திரும்பி வருகிறானே, தோரின் மகன்கள் மாக்னியும் மோதியும் சுத்தியலைப் பெறுகிறார்களே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அங்கே தோர் திரும்பி வருவதில்லை. அந்த வித்தியாசத்தை மூடிமறைக்கக் கூடாது. மாதாமாதம் வந்தாக வேண்டிய கட்டாயம் இல்லாத தொடர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டென்மார்க்கின் பீட்டர் மேட்சன் வரைந்த ‘வால்ஹல்லா’ தொடர், செந்தாடித் தோரோடும் ஆடுகளோடும் எட்டாக் கதைகளைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, பதினைந்தாவது புத்தகமான குறிசொல்லியின் காட்சிகளோடு 2009இல் முடிந்தது. வான் ஹாமும் ரோசின்ஸ்கியும் படைத்து, லயன்-முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கும் வந்து சேர்ந்த ‘தோர்கல்’ தொடரில் நாயகனுக்கு வயதாகிறது, மகன் ஜோலன் வளர்ந்து கதையையே கையில் எடுத்துக்கொள்கிறான். மாத இதழ் தோருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அதனால்தான் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் சாவை உண்மையாக்கிக் காட்டிய பக்கங்களைத் தனியாக எடுத்துப் போற்ற வேண்டியிருக்கிறது. ஸ்கர்ஜ் போன்ற துணைப் பாத்திரங்கள் மேல் அந்தச் சுமை விழுவதும் இதனால்தான்.

தகுதிச் சுத்தியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த யோசனை நார்ஸ் மரபைவிடப் பாறையில் செருகிய வாளை உருவும் ஆர்தர் கதைக்கே நெருக்கமானது. அதனாலேயே அது வேண்டாத ஒட்டுவேலை என்று ஒதுக்க மாட்டேன். சாவோடு சேர்ந்தபோது அதற்கும் கனம் வந்தது. 2014இல் ஜேசன் ஆரன் எழுத, ரஸல் டாட்டர்மன் வரைந்த தொடரில் ஜேன் ஃபாஸ்டர் என்ற டாக்டர் சுத்தியலைத் தூக்கித் தோராகிறாள். பெண் தோரா என்று கொதித்தவர்கள் கதையின் மையத்தைக் கவனிக்கவில்லை. ஜேனுக்குப் புற்றுநோய். அவள் தோராக மாறும் ஒவ்வொரு முறையும் கீமோதெரபி மருந்து விஷமென்று உடம்பிலிருந்து வெளியேற்றப்படுகிறது. நோய் மட்டும் அப்படியே நிற்கிறது. பிறரைக் காப்பாற்றப் போகும் ஒவ்வொரு தடவையும் அவள் சாவுக்கு ஓர் அடி அருகில் போகிறாள், தெரிந்தே போகிறாள். ஒடினின் சபைக்கு இவளைவிடப் பொருத்தமான ஆளை நான் பார்க்கவில்லை.

ரசிகர்களின் வாதத்தை வீண்பேச்சு என்று தள்ளுபவர்களும் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1960களில் மார்வெல் இதழ்களின் கடைசிப் பக்கங்களில் வாசகர் கடிதங்கள் நெரிசலாக வந்தன. கதையில் உள்ள முரணைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு பொருத்தமான விளக்கத்தையும் எழுதி அனுப்பினால் ஸ்டான் லீ ‘நோ-பிரைஸ்’ என்ற பரிசை அறிவிப்பார். தபாலில் வருவது உள்ளே எதுவும் இல்லாத உறை. ஒன்றுமில்லாத அந்த உறைக்காகப் பிள்ளைகள் உரையாசிரியர்கள் போல வரிவரியாகப் படித்தார்கள். ரசிகர் பத்திரிகை நடத்தி வந்த ராய் தாமஸ் பின்னாளில் தோர் கதைகளை எழுதி, வாக்னரின் இசைநாடகக் கதையை அதில் இணைத்தார். இருட்டில் வாள் அடிக்கும் சுர்தர் என்ற அந்த உருவத்தின் கதைக்குச் சைமன்சன் வித்து போட்டதே கல்லூரி நாட்களில், வெறும் வாசகராக இருந்தபோது. இன்றைய ரசிகர் பேச்சு நாளைய கதையாகிறது. ஆகவே அந்தப் பேச்சு முடியின் வண்ணத்திலேயே தேங்கிவிடக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள். புதிதாகப் படிக்க வருபவர்கள் 1962இல் ஆரம்பிக்க வேண்டாம். 337ஆம் இதழில் தொடங்கி 382ஆம் இதழ் வரை சைமன்சனைப் படியுங்கள். பிறகு கிர்பியின் ‘டேல்ஸ் ஆஃப் அஸ்கார்டு’ பக்கங்களுக்குத் திரும்புங்கள். அதன் பிறகு எட்டாவை எடுத்தால், இந்த மூன்றில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.